ஐந்தரை மணி வால்வெள்ளி

உட்காருங்கள் தோழர். அந்த நாற்காலி வேண்டாம், சாய்ந்தால் கவிழ்ந்துவிடும். பெஞ்சில் உட்காருங்கள். தோழர் என்று கூப்பிட்டதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் தோழரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. ஐம்பது வருடமாக யார் வாசலில் வந்து நின்றாலும் வாயில் அந்தச் சொல்தான் வருகிறது. என்னைக் கைது செய்ய வந்த ஏட்டையாவையே ஒருமுறை அப்படிக் கூப்பிட்டு, அதற்கென்று தனியாக ஓர் அடி வாங்கியிருக்கிறேன்.

செல்வக்கனியைப் பார்க்கத்தானே வந்தீர்கள்? தெரியும். உப்பளத் தொழிலாளர் சங்கம் என்று விசாரித்து வருகிறவர்கள் எல்லாரும் செயலாளரைப் பார்க்கத்தான் வருகிறார்கள். மழைக்கால நிவாரணம் விஷயமாக ஆட்சியர் அலுவலகம் போயிருக்கிறாள், வந்துவிடுவாள். அதுவரை நான்தான். என் பெயர் கோயில்பிச்சை. கடவுள் இல்லை என்று ஊர் ஊராய்ப் பேசியவனுக்கு அம்மா வைத்த பெயரைப் பாருங்கள். மாற்றிவிடலாம் என்று ஒரு காலத்தில் நினைத்தேன். அதற்குள் அந்தப் பெயரில் ஏழு வழக்கு பதிவாகியிருந்தது. மாற்றினால் ஏழும் வேறு எவனுக்கோ பெருமையாகப் போய்விடும் என்று விட்டுவிட்டேன். இப்போது நான் கௌரவத் தலைவர். அப்படியென்றால் மாலை உண்டு, மைக் கிடையாது. ஆண்டு விழாவில் ஐந்து நிமிடம் தருவார்கள். நான்காவது நிமிடத்தில் செல்வக்கனியிடமிருந்து துண்டுச் சீட்டு வரும்.

என்ன பார்க்கிறீர்கள், அந்தப் படமா? எல்லாரும் அதைத்தான் பார்க்கிறார்கள். சுவரில் இத்தனை தலைவர்கள் மீசையோடு மாட்டியிருக்க, வருகிறவர் கண்ணெல்லாம் அந்த வாலுக்குத்தான் போகிறது.

அது வால்வெள்ளி. வால்நட்சத்திரம் என்று சொல்லாதீர்கள், அது நட்சத்திரமே இல்லை. பனியும் தூசியும் சேர்ந்த கட்டி. சூரியன் பக்கம் வரும்போது சூட்டில் ஆவியாகிப் பின்னால் நீளும், அதுதான் வால். எட்டுப் பக்கச் சிறு நூல் ஒன்றில் படித்தேன். நான் படித்ததெல்லாம் எட்டுப் பக்கத்துக்குள் அடங்கியவைதான். பொருளாதாரம் எட்டுப் பக்கம், உடற்கூறு எட்டுப் பக்கம், கடவுள் மறுப்பு மட்டும் பன்னிரண்டு. ஒன்பதாம் பக்கத்தில் ஏதாவது இருக்கலாம் என்ற சந்தேகமே எனக்கு அறுபது வயதுக்கு மேல்தான் வந்தது.

படம் எடுத்தது நான். அதாவது, பொத்தானை அழுத்திய விரல் என்னுடையது. கேமரா அருளப்பனுடையது, மூன்று கால் ஸ்டாண்டு அருளப்பனுடையது, எத்தனை விநாடி திறந்து வைப்பது என்ற கணக்கும் அருளப்பனுடையது. ஆனால் விரல் யாருடையது என்று அவனிடமே கேட்டுப் பாருங்கள், மறுக்க மாட்டான். கீழே பல் மாதிரி வெள்ளையாய் நிற்கிறதே, அது உப்பு அம்பாரம். வாரிய உப்பைக் குவித்து வைக்கிற குன்று. அதற்கு மேலே செம்மண் நிறத்தில் அந்தி. அந்திக்கு மேலே, ஈர்க்குச்சியால் ஒரு கீறு கீறின மாதிரி வால். நன்றாக இருக்கிறது இல்லையா? இந்தப் படத்தால் நூற்றுப்பத்துப் பெண்களை நான் நடுத்தெருவில் நிறுத்தினேன். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன். நடுத்தெருவில் இல்லை, உப்பளத்தில்.

சொல்கிறேன். அவள் வர நேரமாகும்.

போன வருடம், புரட்டாசி கடைசி. உங்களுக்கு உப்பளம் பழக்கமில்லை, அதனால் இதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே மழைதான் எதிரி. மற்ற ஊரில் மழை வந்தால் சாமிக்குப் பொங்கல் வைப்பார்கள், இங்கே பாத்தியில் கிடக்கிற உப்பெல்லாம் கரைந்து ஓடும். அதனால் ஐப்பசி மழைக்கு முந்தின ஒரு மாதம் பேய் வேலை. வார வேண்டும், சுமக்க வேண்டும், குவிக்க வேண்டும், தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். அந்த மாதத்தில் பெண்களை ஏழு மணி வரை விடமாட்டார்கள். ஏழு மணிக்கு விட்டால் வரப்பில் இருட்டில் நடந்து குடியிருப்புக்குப் போக ஏழே முக்கால். தெருக்குழாயில் தண்ணீர் வருவது ஆறு மணிக்கு. ஏழுக்கு நின்றுவிடும். ஆக, அந்த ஒரு மாதம் தண்ணீர் பிடிக்க வீட்டில் ஆள் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண் பிள்ளைகள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கும், பெரிய ஆட்கள் தள்ளிவிட்டுப் பிடிப்பார்கள், பாதி நாள் வெறுங்குடத்தோடு வரும். நாள் முழுக்க உப்பில் நின்ற பெண் கால் கழுவத் தண்ணீர் இல்லாமல் படுப்பாள். உப்புத் தண்ணீர் பட்ட வெடிப்பு எப்படி எரியும் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த ஒரு மாதமாவது ஐந்தரைக்கு விடுங்கள் என்று நான் மனு எழுதினேன். ஒன்றில்லை, பதினான்கு. பதினான்காவது மனு மிகவும் நன்றாக அமைந்தது, அதில் நான்கு நாட்டு உதாரணங்கள் உண்டு. நகல் இருக்கிறது, போகும்போது தருகிறேன். எல்லா மனுவுக்கும் ஒரே பதில்தான் வந்தது. மழை முடியட்டும், பார்க்கலாம். மழை வந்தால் வேலையே கிடையாது, பிறகு எதைப் பார்ப்பது?

அப்போதுதான் இது வந்தது. மேற்கே, சூரியன் மறைந்த இடத்துக்கு மேலே, அந்தி மங்குகிற நேரத்தில். அரை மணி நேரம்தான் நிற்கும், பிறகு உடைமரத்துக்குப் பின்னால் இறங்கிவிடும்.

வந்த மறுநாளே பேச்சு கிளம்பிவிட்டது. அதன் ஒளி மேலே பட்டால் ஆகாது, பொட்டப்பிள்ளைகள் அந்த நேரத்தில் வெட்டவெளியில் நிற்கக் கூடாது, வீட்டுக்குள் போய்விட வேண்டும். உப்பளக் கணக்கப்பிள்ளை ஆறுமுகநயினாரிடம் பெண்கள் கூட்டமாகப் போய்ச் சொன்னார்களாம். அந்த மனிதர் ஏற்கெனவே பல்லி சொல்லுக்குப் பதில் சொல்கிறவர். சரி என்று ஐந்தரைக்கே மணி அடித்து அனுப்பிவிட்டார். அவர் அறைக்கு வெளியே தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கும், அதுதான் மணி.

ஆமாம். ஐந்தரைக்கு. அது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று உங்களிடம் தப்பிக்கப் பார்க்கவில்லை. நான் பதினான்கு மனுவில் கேட்ட அதே ஐந்தரை, ஒரு பனிக்கட்டியைக் காட்டி அவர்களுக்குக் கிடைத்துவிட்டது. அது ஒரு வெற்றி என்று எனக்குப் படவே இல்லை. மூடநம்பிக்கை என்றுதான் பட்டது. போராடிப் பெறாத எதுவும் உரிமையாகாது என்று ஒரு வாசகம் உண்டு. யார் சொன்னது என்று கேட்காதீர்கள், நான்தான் சொன்னது, ஒரு துண்டறிக்கையில். ஐம்பது வருடம் பேசியிருக்கிறேன், ஒரு பெண்ணின் காதிலாவது ஏறியிருக்கிறதா பாருங்கள் என்று அருளப்பனிடம் போய்க் கத்தினேன்.

அருளப்பன் யார் என்று சொல்லவில்லையே. பழைய ஸ்டுடியோக்காரன். நான் முதன்முதலில் விலங்கோடு போனபோது படம் எடுத்தவன். அந்தப் படத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டிருப்பேன். கேட்டால், நீர் மூடினதுக்கு நான் என்ன வே செய்ய முடியும் என்பான். ஸ்டுடியோவை மூடி எட்டு வருடம் ஆகிறது, கேமராவை மட்டும் விற்கவில்லை.

நான் சொன்னேன், துண்டறிக்கை போடப் போகிறேன், அதில் படம் வேண்டும். வெளிநாட்டுக்காரன் எடுத்த படத்தைப் போட்டால் நம்பமாட்டார்கள். நம் உப்பளம், நம் அம்பாரம், அதற்கு மேலே வால்வெள்ளி. பார், உன் தலைக்கு மேலே நிற்கிறது, உன்னை என்ன செய்தது என்று கேட்க வேண்டும். அருளப்பன் யோசித்துவிட்டு, சும்மா பாத்துட்டுப் போகலாம்லா வே, நல்லாத்தான இருக்கு என்றான். பார்ப்பதற்காக நான் எதையும் பார்த்தவன் இல்லை தோழர். ஒரு பொருளைக் கண்டால் அதன் மேல் ஒரு தலைப்புப் போட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

முதல் நாள் போனோம். பெண்கள் எல்லாரும் போய்விட்டார்கள், அம்பாரத்து மேலே நாங்கள் இரண்டு கிழவர்கள். மேற்கே பளிச்சென்று ஒன்று தெரிந்தது. அதோ என்று காட்டி, இருபது படம் எடுக்க வைத்தேன். அருளப்பன் எடுத்து முடித்துவிட்டு, இதுக்கு வாலு எங்க என்றான். வால் உள்பக்கம் இருக்கும் என்று நான் விளக்கினேன். அது வெள்ளிக் கிரகம். தினமும் அங்கேதான் இருக்கிறதாம்.

இரண்டாம் நாள் நல்ல வாலே கிடைத்தது. நீளமாக, பொன் நிறத்தில், வானத்தைப் பாதி வெட்டிக்கொண்டு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இயற்கையின் பேருண்மை என்று துண்டறிக்கைக்கு முதல் வரியைக்கூட அங்கேயே நின்று எழுதிவிட்டேன். எழுதி முடித்துத் தலையைத் தூக்கினால் வால் நகர்ந்து போய்க்கொண்டிருந்தது. விமானம் போன புகை. வெயில் பட்டு மின்னியிருக்கிறது. அருளப்பன் ஸ்டாண்டை மடக்கினான். சொல்லாமல் இருப்பதில் அவன் கெட்டிக்காரன்.

மூன்றாம் நாள் மேகம்.

நான்காம் நாள் சரியாகத் தெரிந்தது. முதலில் கண்ணுக்கு ஒன்றுமில்லை. அந்தி வெளிச்சத்தில் அது கரைந்து கிடக்கும். வானம் கொஞ்சம் இருண்டால்தான் வெளியே வரும். ரொம்ப இருட்டும்வரை காத்திருந்தால் அது கீழே போய்ப் புழுதியில் மங்கிவிடும். நடுவில் பதினைந்து நிமிடம்தான் நமக்கு. அருளப்பன் சொன்னான், நேரே பாக்காதீரும், கொஞ்சம் ஓரக்கண்ணால பாரும். பார்த்தேன். இருந்தது. தலை ஒரு புகைந்த விளக்கு மாதிரி, வால் மேல்நோக்கிச் சாய்ந்து. எவ்வளவு சின்னதாக, எவ்வளவு அமைதியாக இருந்தது தெரியுமா. அதை எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை, அதனால் அப்போது உடனே பேச ஆரம்பித்தேன். பனி, தூசி, ஆவி, ஆளும் வர்க்கம் என்று.

கேமரா மூன்று விநாடி திறந்திருக்க வேண்டும். உப்பின் மேல் நிற்கிறோம், ஓர் ஆள் காலை மாற்றி வைத்தாலே நறநறவென்று ஸ்டாண்டு ஆடும். நான் பேசும்போது காலை மாற்றி மாற்றி வைத்துத்தான் பேசுவேன், மேடைப் பழக்கம். ஒன்பது படத்தில் ஒன்பதும் ஆடிவிட்டது. வால்வெள்ளிக்கு மூன்று தலை, நான்கு வால். கடைசியில் அருளப்பன் என் கையைப் பிடித்துப் பொத்தான் மேல் வைத்தான்.

"நீரே அழுத்தும். அழுத்துனா மூணு விநாடிக்கு அசையக் கூடாதுன்னு உமக்கே பயம் வரும். வாயையும் சேத்துச் சொல்லுதேன்."

அப்படி எடுத்ததுதான் அந்தப் படம்.

ஆயிரம் பிரதி அடித்தேன், ரோஸ் தாளில். தலைப்பு: வானத்தில் வால், மூளையில் பயம். நானே உப்பள வாசலில் நின்று கொடுத்தேன். பெண்கள் எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். ஒருத்திகூட வேண்டாம் என்று சொல்லவில்லை. படத்தைப் பார்த்துச் சிரித்தார்கள், நல்லாருக்கு அண்ணாச்சி என்றார்கள், மடித்துச் சோற்று வாளிக்குள் வைத்துக்கொண்டார்கள். அவர்களோடு உப்புச் சுமக்கிற செல்வக்கனி மட்டும் வாங்கி முழுக்கப் படித்தாள். படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பாராட்ட வார்த்தை தேடுகிறாள் என்று நினைத்தேன். கணக்கப்பிள்ளைக்கும் ஒன்று கொடுத்தேன். அவர் அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

மூன்றாம் நாள் உப்பள அலுவலக வாசலில் என் துண்டறிக்கை பெரிதாக ஒட்டியிருந்தது. ரோஸ் தாள் இல்லை, வழுவழுப்பான வெள்ளைத் தாள், வண்ணப் படம். முதலாளி தன் செலவில் அடித்திருந்தார். என் சொல் ஒன்றுகூட விடவில்லை. ஓர் எழுத்துப்பிழை இருந்தது, அதையும் திருத்தியிருந்தார்கள். அடியில் மட்டும் இரண்டு வரி சேர்த்திருந்தார்கள். உங்கள் சங்கத் தலைவரே விளக்கிவிட்டபடியால் அச்சம் தேவையில்லை. இன்று முதல் வழக்கம் போல ஏழு மணி வரை வேலை.

அதைப் பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியது என்று உண்மையைச் சொல்லட்டுமா? சந்தோஷம். முதலில் சந்தோஷம்தான். ஐம்பது வருடத்தில் என் எழுத்தை அவ்வளவு நல்ல தாளில் நான் பார்த்ததில்லை. இரண்டு தடவை வாசித்தேன். மூன்றாம் தடவைதான் கடைசி இரண்டு வரிக்கு வந்தேன்.

அன்று பெண்கள் ஏழு மணிக்கு மேல் வந்தார்கள். மறுநாளும். நான் இங்கே உட்கார்ந்து பதினைந்தாவது மனு எழுதிக்கொண்டிருந்தேன். செல்வக்கனி நேரே உப்பளத்திலிருந்து வந்தாள், முட்டிவரை உப்பு வெள்ளையாய்க் காய்ந்து கிடந்தது. சண்டை போடுவாள் என்று நினைத்தேன். எனக்குச் சண்டை பிடிக்கும், பதில் வைத்திருந்தேன். அவள் நின்றபடியே பேசினாள்.

"எங்களுக்குப் பயம்னு யாரு அண்ணாச்சி உங்ககிட்ட சொன்னா?"

நான் விழித்தேன். ஊரெல்லாம் பேச்சு என்றேன்.

"ஊரெல்லாம் பேசணும்னுதான் நாங்க பேசுனோம். கணக்கப்பிள்ளை காதுக்குப் போணும்லா. பயம் எங்களுக்கு இல்ல, அவருக்கு. நாங்க தெனமும் தண்ணி புடிச்சு வச்சிட்டு, குழாயடித் தொட்டிப் பக்கம் நின்னு புள்ளைகளோட அதத்தான் பாத்தோம். என் சின்னவ அதுக்குப் பேருகூட வச்சிட்டா."

பொய் சொல்லியா ஐந்தரையை வாங்கினீர்கள் என்று கேட்டேன். கேட்டதோடு விடவில்லை. பொய்யில் பெற்றது நிலைக்காது, இன்று வால்வெள்ளி, நாளை என்ன சொல்வீர்கள், உழைப்பாளிக்கு ஆயுதம் அறிவு ஒன்றுதான் என்று ஒரு முழுக் கூட்டத்துக்கு உரிய பேச்சைப் பேசினேன். கேட்டுக்கொண்டு நின்றாள். நடுவில் ஒரு தடவை குனிந்து பாதத்தைச் சொறிந்துகொண்டாள். நான் முடித்ததும் சொன்னாள்.

"நீங்க பதினாலு மனு எழுதுனிய. நாங்க ஒரு பொய் சொன்னோம். எது பெருசுன்னு நான் கேக்கல அண்ணாச்சி. எதுல தண்ணி வந்துச்சுன்னுதான் கேக்கேன்."

பிறகு என்னிடம் ஓர் உதவி கேட்டாள்.

அவள் கேட்டது இதுதான். நாளை சாயங்காலம் நான் கணக்கப்பிள்ளையைப் பார்க்க வேண்டும். முதலாளி ஒட்டினதைப் பார்த்த பிறகும் அந்த மனிதருக்கு உள்ளே உதறல் நிற்கவில்லை. மணி அடிக்கிற கை அவருடையது. முதலாளி இருப்பது நகரத்தில், ஐந்து மணிக்கு மேல் ஒரு நாளும் வரமாட்டார். நான் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் போதும். நீங்க சொன்னா நம்புவாவ, ஏன்னா நீங்க பொய் சொல்ல மாட்டிய என்றாள். அதைப் பாராட்டாகச் சொன்னாளா, வேறு எப்படிச் சொன்னாள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

முடியாது என்றுதான் சொல்லி அனுப்பினேன். எழுதிக்கொண்டிருந்த மனுவை முடிக்கலாம் என்று உட்கார்ந்தேன். ஐயா, வணக்கம் என்பதற்கு மேல் போகவில்லை.

மறுநாள் ஐந்து மணிக்குப் போனேன்.

ஆறுமுகநயினாரோடு எனக்கு முப்பது வருடப் பழக்கம். பழக்கம் என்றால், அவர் வாசலில் நான் ஒழிக என்று கத்துவேன், அவர் உள்ளே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பார். இடைவேளையில் டீ வாங்கி அனுப்புவார். அன்றைக்கு என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நெற்றியில் திருநீறு வழக்கத்தைவிட மூன்று மடங்கு. நான் வாய் திறக்கவே இல்லை. அவரே ஆரம்பித்துவிட்டார். உட்காரச் சொன்னார், கதவைச் சாத்தினார், பிறகு திறந்தார். ஜன்னல் வழியே பெண்கள் உப்புச் சுமந்து போவது தெரிந்தது. ஒருத்தி திரும்பிப் பார்த்தாள், அடுத்தவளும் பார்த்தாள், வரிசையே மெதுவானது.

"முதலாளி சொல்லுறது இருக்கட்டும் அண்ணாச்சி. அவருக்கென்ன, அவரு மாடியில இருக்காரு. நீங்க சொல்லுங்க. படிச்சவுக, எதுக்கும் பயப்படாதவுக. அதுல ஒண்ணும் இல்லதான?"

என் தொண்டையில் எட்டுப் பக்கமும் வந்து நின்றது. பனி, தூசி, ஆவி. சூரியனுக்கு எதிர்த்திசை. கோடி மைல் தூரம். எத்தனையோ மேடையில் எதிரி வந்து இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டானா என்று ஏங்கியிருக்கிறேன். இதோ கேட்கிறான், கைகூப்பாத குறையாகக் கேட்கிறான். ஜன்னலுக்கு வெளியே வரிசை நின்றேவிட்டது. உப்புத் தட்டைத் தலையிலிருந்து இறக்காமலே நிற்கிறார்கள். செல்வக்கனி மட்டும் பார்க்கவில்லை, அந்தப் பக்கம் திரும்பி நின்றாள்.

அதில் ஆபத்து இருக்கிறது என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. இல்லை என்றால் ஏழு மணி. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. மூன்று விநாடி இருக்கலாம். அசையவில்லை.

"தெரியாது" என்றேன்.

அந்தச் சொல் என் வாயில் எப்படி இருந்தது என்று கேளுங்கள். பிறர் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கிற மாதிரி இருந்தது. ஐம்பது வருடம் கேட்டதற்கும் கேட்காததற்கும் பதில் சொன்னவன். தெரியாது என்று ஒரு தடவை சொன்னதாக ஞாபகம் இல்லை. போலீசில்கூட, சொல்ல மாட்டேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

கணக்கப்பிள்ளை முகம் வெளுத்துவிட்டது. நான் பேய் இருக்கிறது என்று சொல்லியிருந்தால்கூட அவர் அவ்வளவு பயந்திருக்கமாட்டார். உங்களுக்கேவா தெரியல, உங்களுக்கேவா என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு வெளியே போய்த் தண்டவாளத் துண்டை அடித்தார். அப்போது மணி ஐந்து இருபது. பெண்கள் தட்டை இறக்கிப் போட்டுவிட்டு வரப்பில் ஏறினார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. யாரோ ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு போனாள்.

முதலாளிக்கு அவர் என்ன சொல்லிச் சமாளித்தார் என்று எனக்குத் தெரியாது. பார்த்தீர்களா, இப்போது அந்தச் சொல் தானாக வருகிறது. மழை வரும்வரை பதினெட்டு நாளும் ஐந்தரைக்கு மணி அடித்தது. இந்த வருடம் வானத்தில் ஒன்றும் வரவில்லை. இருந்தும் புரட்டாசியில் ஐந்தரைக்குத்தான் அடித்தார்கள். போன வருட வழக்கம் என்று கணக்கப்பிள்ளை சொன்னாராம். பதினைந்தாவது மனு மேசை இழுப்பறையில் அப்படியே இருக்கிறது.

ஆக, வெற்றி. படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு அங்கே மாட்டியது செல்வக்கனிதான். ஏன் மாட்டினாய் என்று கேட்டால் சிரிக்கிறாள்.

இல்லை, எழுந்திருக்காதீர்கள். அன்றைக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. இதை அவளிடம் நான் சொல்லவில்லை.

பெண்கள் போன பிறகு நானும் கிளம்பினேன். ஆறுமுகநயினார் விடவில்லை. ஒரு நிமிஷம் இருங்க அண்ணாச்சி, சேந்து போவோம் என்றார். பேரேட்டை எழுதினார், பூட்டினார், பூட்டை இழுத்துப் பார்த்தார், மறுபடியும் திறந்து குடையை எடுத்துக்கொண்டு வந்தார். அதற்குள் சூரியன் மறைந்து நன்றாக மங்கிவிட்டது. சாலைக்குப் போகிற வரப்பு நேர் மேற்கே போகிறது. அவர் குடையை விரித்து, தலைக்கு மேலே பிடிக்காமல், முகத்துக்கு நேரே கேடயம் மாதிரி பிடித்துக்கொண்டார். பிறகு என் தோளைப் பற்றி என்னையும் உள்ளே இழுத்துக்கொண்டார். முப்பது வருடம் எதிரும் புதிருமாக நின்ற இரண்டு கிழவர்கள், மழையில்லாத வானத்தில், ஒரு கருப்புக் குடைக்குப் பின்னால்.

நடக்கும்போது சொன்னார். அவர் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். ஒன்பதாம் மாதம். என் துண்டறிக்கையைப் படித்துவிட்டுக் கொஞ்சம் தைரியம் வந்து, இரண்டு நாளாகத்தான் சாயங்காலம் முற்றத்தில் உட்கார விட்டிருந்தாராம். அவளுக்கு உள்ளே புழுக்கம் தாங்கவில்லையாம். இப்போது நான் தெரியாது என்று சொல்லிவிட்டபடியால், இன்றைக்கே போய் ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டப் போகிறார். நாலு மணிக்கே உள்ளே விட்டுப் பூட்டிவிடணும் அண்ணாச்சி, எதுக்கு வம்பு என்றார்.

ஆயிரம் பிரதி அடித்ததில் உண்மையிலேயே ஒருவர் நம்பியிருக்கிறார். ஒரே ஒருவர். என் வாழ்நாளில் என் எழுத்தைப் படித்து மனம் மாறிய ஒரே மனிதர் என்று நினைக்கிறேன். அவர் பக்கத்தில் நான் நடந்துகொண்டிருக்கிறேன்.

சொல்லியிருக்கலாம். நயினார், அந்தப் பெண்ணைக் காற்றாட உட்கார விடுங்கள், அது வெறும் பனிக்கட்டி. ஒரு வரிதான். சொன்னால் நாளைக்கு மணி ஏழு. நூற்றுப்பத்து வீட்டுக் குடம் ஒரு பக்கம், ஒரு பெண் ஒரு பக்கம். பேச்சில் இந்த மாதிரிக் கணக்கை ஒரு நொடியில் போட்டுவிடுவேன். அன்று சாலை வரும்வரை போட்டுக்கொண்டே வந்தேன், விடை வரவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கார்த்திகையில் சுகப்பிரசவம், பெண் குழந்தை. அதனால் என் மேல் பழியில்லை என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

மறுநாள் செல்வக்கனி சொன்னாள், அன்றைக்குத்தான் வால் மிக நீளமாம். தொட்டிப் பக்கம் எல்லாரும் நின்று பார்த்தார்களாம், பிள்ளைகள் கைதட்டினவாம். நீங்க பாத்தியளா அண்ணாச்சி என்று கேட்டாள்.

நான் எங்கே பார்த்தேன். கணக்கப்பிள்ளைக்குக் கை வலிக்கிறது என்று குடையை வாங்கி நான் பிடித்துக்கொண்டு வந்தேன்.